ஆச்சி என்ற நடிப்புப் பள்ளி

‘ஆச்சி’ மனோரமாவை ‘நகைச்சுவை நடிகை’ என்று இன்றும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அது எவ்வளவு பெரிய அநியாயம்! பள்ளத்தூரில் நாடக மேடை ஏறிய பெண் அவர். அண்ணாவோடும் கருணாநிதியோடும் மேடையில் நடித்தவர். 1958-இல் ‘மாலையிட்ட மங்கை’ வழியாகத் திரைக்கு வந்தார். 1963-இல் ‘கொஞ்சும் குமரி’யில் கதாநாயகியாகவும் நடித்தார். ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்த அவர் 2015-இல் மறைந்தார்.

எண்ணிக்கையை விடுங்கள். ‘தில்லானா மோகனாம்பாள்’ ஜில் ஜில் ரமாமணியை இன்னொரு முறை பாருங்கள். நாயகன் சண்முகசுந்தரத்தின் நாயனத்தைக் கேட்டு வாய்பிளந்து, குழந்தையைப் போல வியந்து கேள்வி கேட்கிறாள். நாம் சிரிக்கிறோம். கொஞ்சம் கழித்துத்தான், ஊர் ஊராகப் போய் ஆடிப் பிழைக்கும் பெண்ணின் களைப்பும் கலைமீது அவளுக்குள்ள பக்தியும் உறைக்கின்றன. அந்தப் படம் வந்த அதே 1968-இல் ‘பொம்மலாட்ட’த்தில் சென்னைத் தமிழில் சொந்தக் குரலில் பாடி அசத்தினார். ‘சின்ன கவுண்டர்’ தாயாக வந்தபோது, எத்துப்பல்லோடு நின்ற அந்தக் கிழவியிடம் பழைய ரமாமணியின் சாயல் துளியும் இல்லை. ‘புதிய பாதை’ அவருக்குத் தேசிய விருதைத் தேடித் தந்தது.

மேடை தந்த குரல் பயிற்சியும் எந்த வேடத்தையும் சிறிதாக நினைக்காத மனமுமே இதற்கெல்லாம் அடித்தளம். நம் இயக்குநர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நடுவயது கடந்த நடிகைகளுக்கு அழுவதற்கும் ஆசீர்வதிப்பதற்கும் மட்டும் காட்சி எழுதாதீர்கள். ஆச்சிக்கு எழுதியதுபோல, முழு மனுஷியை எழுதுங்கள்.