'மேலங்கி'யை வாசித்துக் கோபப்பட்ட கிளாக்கர்

ரஷ்ய எழுத்தாளர்கள் எல்லோரும் கோகோலின் 'மேலங்கி'க்குள் இருந்து வந்தவர்கள் என்று தஸ்தயேவ்ஸ்கி சொன்னதாக ஒரு கூற்று உண்டு. அவருடைய எழுத்தில் அது இல்லை. இருக்கட்டும். எனக்குள்ள பிரச்சினை வேறு. அதைக் கேட்டால் கோகோலைப் 'பார்த்து எழுதியவர்' தஸ்தயேவ்ஸ்கி என்றுதான் விளங்கும். உண்மையில் அவர் கோகோலோடு சண்டை பிடித்தவர்.

'மேலங்கி' வந்தது 1842இல். பீட்டர்ஸ்பர்க் கந்தோர் ஒன்றில் நகல் எழுதும் அக்காக்கி, பின்னேரத் தேநீரை நிறுத்தி, மெழுகுவர்த்தி கொளுத்தாமல் காசு சேர்த்து ஒரு கோட்டுத் தைக்கிறான். அது பறிபோகிறது. அவனும் செத்துப்போகிறான். வாசித்தால் தொண்டை அடைக்கும். ஆனால் அந்த மனிசனுக்கு ஒரு வசனத்தை முழுதாகப் பேசி முடிக்க வராது. நாம் வெளியே நின்று, பாதிச் சிரிப்போடுதான் அவனைப் பார்க்கிறோம்.

1846இல் தஸ்தயேவ்ஸ்கியின் முதல் நாவல் 'ஏழை மக்கள்' வருகிறது. அப்போது அவருக்கு வயது 24. அதில் வரும் மக்காருக்கும் அதே நகரம், அதே நகல் வேலை. ஆனால் இவன் பேச்சை நிறுத்தமாட்டான். இவனும் வர்வரா என்ற பெண்ணும் எழுதும் கடிதங்கள்தான் நாவலே. தேநீரையும் இவன் விடுவதில்லை. ஆசையில் அல்ல, குடிக்காவிட்டால் பக்கத்து அறைக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்ற வெட்கத்தில்.

வர்வரா முதலில் புஷ்கினின் கதைப் புத்தகம் ஒன்றைக் கொடுக்கிறாள். அதில் மகளை இழந்து குடித்தே சாகும் கிழவனின் கதையில் மக்கார் உருகிப்போகிறான். அடுத்து 'மேலங்கி'. மனிசனுக்குக் கோபம் தலைக்கேறுகிறது. தன் சப்பாத்தையும் சாப்பாட்டையும் யாரோ ஒளிந்திருந்து பார்த்து எழுதிவிட்டார்கள் என்று குமுறுகிறான். முறைப்பாடு செய்யவேண்டும் என்கிறான். முடிவையும் மாற்றச் சொல்கிறான்: கோட்டுத் திரும்பக் கிடைக்கட்டும், பெரியவர் கூப்பிட்டுப் பதவி உயர்வு கொடுக்கட்டும்!

எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகுதான் உறைத்தது. ஏழையைப் பற்றிய கதையை அந்த ஏழையின் கையிலேயே கொடுத்து வாசிக்க வைத்திருக்கிறார் தஸ்தயேவ்ஸ்கி. (நிவாரணப் பொதி கொடுக்கும் படத்தை இங்கே போடுகிறோமே, வாங்கியவரின் வீட்டிலும் ஒரு போன் இருக்கிறது.)

மக்கார் சொல்வது நியாயமா என்று கேட்டால், இல்லை. அக்காக்கியைக் கேலி செய்யும் இளம் கிளாக்கர் ஒருவன், அவனது முனகலில் ஒரு சகோதரனின் குரலைக் கேட்டுத் திடுக்கிடும் இடம் கோகோலின் கதையிலேயே இருக்கிறது. மக்காரின் மனதில் நிற்பதோ, அவன் தலையில் காகிதத் துண்டுகளைக் கொட்டும் இடம்தான்.