கண் அச்சடிக்கிறார்களாமே!

"டிரசர் ஐயா, மெஷின்ல கண்ணு அச்சடிக்கிறாங்களாமே! எங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணு அடிச்சுப் போட முடியாதா?"

சென்ற மாதம் ஓர் அம்மா கேட்டார். புல் வெட்டும்போது தெறித்த குச்சி பட்டு, அவர் கணவருக்குக் கண்ணில் பூ விழுந்துவிட்டது.

செய்தி உண்மைதான், தோழர்களே. ஆனால் முழுக் கண் அல்ல. கருவிழியை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற மெல்லிய படலம். அரை மில்லிமீட்டர் கனம். அதில் இரத்தக் குழாய் கிடையாது. அதனால்தான் ஈரல், சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு இது கைகூடி வருகிறது.

வேலை இடியாப்பம் பிழிகிற மாதிரிதான். மாவுக்குப் பதில் உயிரணு கலந்த கூழ். கூழ் நீர்த்துப் போனால் உருவம் நிற்காது. ரொம்பக் கெட்டியானால் பிழியும்போதே உயிரணு செத்துப்போகும். 2018-இல் இங்கிலாந்தின் நியூகாசல் பல்கலைக்கழகத்தார் கடற்பாசிப் பசையையும் கொலாஜனையும் சேர்த்து அந்தப் பக்குவத்தைப் பிடித்தார்கள். பத்தே நிமிடத்துக்குள் ஒரு படலம்! 2022-இல் ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையும், அவ்வூர் ஐ.ஐ.டி.யும், சி.சி.எம்.பி. ஆய்வுக்கூடமும் சேர்ந்து அச்சிட்டதை முயலின் கண்ணில் பொருத்தினார்கள். 2025 அக்டோபரில் இஸ்ரேலின் ஹைஃபாவில் ஒரு மனிதருக்கே வைத்தார்கள்.

நம்மவர் கவனிக்க வேண்டியது ஒன்று. ஹைதராபாத்தில் கூழ் செய்தது எதில்? மாற்றுச் சிகிச்சைக்கு ஆகாதென்று ஒதுக்கிய தானக் கண்களில். ஒரு கண்ணிலிருந்து மூன்று படலம் வரை செய்யலாமாம். ஆக, மெஷின் வந்தாலும் யாராவது கண் கொடுத்தால்தான் உண்டு. "செத்த பிறகு கண்ணில்லாமல் போவதா?" என்று நம் வீடுகளில் இன்னும் பேசுகிறோமே!

அந்த மனிதர் என்னிடம் வந்தது ஆறாம் நாள். அதுவரை தாய்ப்பால் விட்டிருக்கிறார்கள். பிறகு கடையில் வாங்கிய சொட்டு மருந்து. செடி, குச்சி பட்ட புண்ணில் பூஞ்சணம் பிடிக்கும். ஸ்டீராய்டு கலந்த சொட்டு அதற்கு உரம் போட்ட மாதிரி. முதல் நாளே வந்திருந்தால் பார்வை தப்பியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

பாலிக் புலாவ் சரிவுகளில் டுரியான், ஜாதிக்காய்த் தோப்புகளில் புல் வெட்டுகிறவர்கள் எத்தனை பேர் பாதுகாப்புக் கண்ணாடி போடுகிறார்கள்? "வேர்க்குது, மங்குது" என்கிறார்கள். மங்காத கண்ணாடியும் இருக்கிறது; கேளுங்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது முதலாளி பொறுப்பு. சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

அந்த அம்மாவிடம் பினாங்கு பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தனுப்பினேன். தானக் கண்ணுக்குக் காத்திருக்கிறார்கள். விபத்து நடந்த அன்று கிராணியிடம் சொல்லி எழுதி வைக்காததால் சொக்சோ மனுவும் இழுத்துக்கொண்டிருக்கிறது.