கடன் வாங்கித்தான் பொருளாதாரம் படிக்க வேண்டுமா?

சங்கரன்கோவில் பக்கத்து ஊர்களில் பி.ஏ. பொருளாதாரம் முடித்த நம் பிள்ளைகளிடம் வெளிநாட்டுப் படிப்பு பற்றிப் பேசினால் முதலில் வரும் கேள்வி, "எவ்வளவு கடன் கிடைக்கும்?" என்பதுதான். கடன் என்றால் அடமானம். விசைத்தறிக்குக் கூலிக்குப் போகும் அப்பாவிடம் சொத்துப் பத்திரம் ஏது? பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது.

அமெரிக்காவில் கைக்காசு கரைவது பெரும்பாலும் எம்.ஏ., எம்.எஸ். படிப்புக்குத்தான். பொருளாதாரத்தில் பி.எச்டி. இடம் கிடைத்தால் நல்ல துறைகளில் கல்விக் கட்டணம் கிடையாது. மாதாமாதம் பணமும் தருகிறார்கள், பெரும்பாலும் ஐந்து ஆண்டுகளுக்கு. பதிலுக்கு இளங்கலை மாணவர்களுக்கு வகுப்பெடுக்க உதவ வேண்டும், அல்லது பேராசிரியரின் ஆய்வில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்ய வேண்டும். அசிஸ்டென்ட்ஷிப் என்பது இவ்வளவுதான். சிக்கனமாக இருந்தால் அந்தப் பணம் வாழப் போதும். ஊருக்கு அனுப்பப் பெரிதாக மிஞ்சாது. இதை வீட்டில் முன்பே சொல்லிவிட வேண்டும்.

இது சலுகையல்ல, செய்த வேலைக்குக் கூலி. கூலி என்பதால்தான் அங்கே சங்கம் வைத்து உரிமை பேச முடிகிறது. ஹார்வர்டு மாணவத் தொழிலாளர் சங்கம் 2021-இல் நிர்வாகத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் சாதிப் பாகுபாட்டிலிருந்து பாதுகாப்பும் சேர்க்கப்பட்டது.

உதவித்தொகையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அண்ணலின் வாழ்க்கையே சாட்சி. 1913-இல் பரோடா மன்னர் தந்தது மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு. திரும்பி வந்து பத்தாண்டு சமஸ்தானத்தில் வேலை செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. கொலம்பியாவில் பொருளாதாரம் படித்துவிட்டு லண்டன் போனவர், 1917-இல் உதவித்தொகைக் காலம் முடிந்ததால் ஆய்வைப் பாதியில் விட்டு ஊர் திரும்பினார். பிறகு பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பாடம் நடத்திச் சேர்த்த பணம், சாகு மகாராஜாவின் உதவி, நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய கடன் எல்லாம் சேர்ந்துதான் 1920-இல் அவரை மீண்டும் கப்பலேற்றின. டி.எஸ்சி. பட்டம் 1923-இல். அப்பேர்ப்பட்ட அறிவாளிக்கே இந்த நிலை.

இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. 2025 ஜூலையில் ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைக்குத் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்குத்தான் கடிதம் வந்தது. மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இந்த உதவி இல்லை என்று 2022-லேயே விதியை மாற்றிவிட்டார்கள். சாதியை ஆராயப் போகிறவர் வேறு எதை ஆராய்வது? நமக்குள்ள உரிமை என்பதால் இந்த உதவித்தொகைக்கும் மாநில அரசின் திட்டத்துக்கும் விண்ணப்பிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ஒன்றையே நம்பி உட்காரக் கூடாது.

அசிஸ்டென்ட்ஷிப்பில் நம்மை நிறுத்தி வைப்பது கணிதமும் பரிந்துரைக் கடிதமும்தான். இந்தத் துறைக்கு கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா, ரியல் அனாலிசிஸ் தெரிந்திருக்க வேண்டும். நம் பக்கத்து பி.ஏ.வில் கணிதம் பெயருக்கு எட்டிப் பார்க்கும். மூன்று கடிதங்கள் வேண்டும். எங்களுக்குத் தெரிந்த மாணவி ஒருத்தி கடிதம் கேட்டு ஒரு பேராசிரியரிடம் மூன்று மாதம் அலைந்தாள். "உங்களுக்குத்தான் எல்லாச் சலுகையும் இருக்கே, நான் எழுதி என்ன ஆகப்போகுது?" என்பது கிடைத்த பதில். கொலம்பியாவில் அண்ணலுக்கு வாய்த்த செலிக்மனோ, லண்டன் அறிஞர்களுக்கு அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பியவர்.

செலவும் உண்டு. பல துறைகள் இன்றும் கேட்கும் ஜி.ஆர்.இ. தேர்வுக்கே 20,000 ரூபாய்க்கு மேல் ஆகும். விண்ணப்பக் கட்டணம் பல இடங்களில் நூறு டாலரை ஒட்டி வரும். கேட்டால் தள்ளுபடி செய்யும் பல்கலைக்கழகங்களும் உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள். ஏப்ரல் 14-க்கு ஊர் ஊராக நாம் வைக்கும் ஃப்ளெக்ஸில் பாதியைக் குறைத்தால் ஒன்றியத்துக்கு ஒரு பிள்ளையாவது விண்ணப்பிக்க முடியும். இதைச் சொன்னால் சில அண்ணன்மார்களுக்குக் கோபம் வருகிறது, வரட்டும்.

நம் மூன்றாண்டு பி.ஏ.வை எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏற்காது. எனவே இங்கேயே நல்ல எம்.ஏ. முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள். கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பரில் வரும். பி.ஏ. இரண்டாம் ஆண்டில் இருப்பவர்கள் கணிதத்தை இப்போதே தொடங்க வேண்டும். சொல்லித் தர முன்வரும் கணித ஆசிரியர்கள் எங்களிடம் பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு இடம் பார்க்கும் வேலையை நாங்கள் ஏற்கிறோம்.