சேமித்து வைத்த குருதி யாருக்குச் சொந்தம்?

ஒரு மனிசன்ர பேரைக் கெடுக்க ஓர் எழுத்தே காணும். கயெத்தான் டுகா கனடாவைச் சேர்ந்த விமானப் பணியாளர். அமெரிக்க எய்ட்ஸ் ஆய்வொன்றில் அவரை ‘ஓ’ என்ற எழுத்தால் குறித்திருந்தார்கள். கலிபோர்னியாவுக்கு வெளியே இருந்து வந்தவர் என்பதுதான் அதன் பொருள். அதைப் பூச்சியம் எண்டு வாசிச்சினம். 1984இல் அவர் இறந்துபோனார். 1987இல் ஒரு புத்தகம் வந்தபிறகு, அமெரிக்காவுக்கு எச்.ஐ.வி.யைக் கொண்டுவந்ததே அவர்தான் என்ற கதை உலகமெல்லாம் பரவிற்று.

அந்தப் பழியைத் துடைத்தது பழைய குருதி. 1978, 79 காலத்தில் நியூயோர்க்கிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் ஹெப்படைட்டிஸ் பி ஆய்வுக்காக எடுத்து, உறைய வைத்திருந்த மாதிரிகள் அவை. அவற்றில் இருந்த வைரஸின் மரபணுவை ஆராய்ந்து 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 1970ஐ ஒட்டியே நியூயோர்க்கில் எச்.ஐ.வி. பரவத் தொடங்கிவிட்டது, டுகா அதன் தொடக்கம் அல்ல. அந்த மாதிரிகளை ஆய்வுகூடம் பூட்டியே வைத்திருந்தால் பழி இண்டைக்கும் அவரோடதான் இருந்திருக்கும்.

ஆகவே, பகிரத்தான் வேணும் எண்டு நாங்கள் சொல்லுறம். ஆனால் கேட்டுப் பகிரவேணும். அந்த மனிதர்கள் ஹெப்படைட்டிஸ் ஆய்வுக்குத்தான் கை நீட்டினார்கள். எச்.ஐ.வி. எண்டொண்டு இருக்கிறதே அப்ப ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப அந்தச் சாட்டுச் சொல்ல ஏலாது. குருதி எடுக்கும்போதே, “நாளைக்கு வேறு ஆய்வுக்கும் குடுக்கலாமா?” என்று அவரவர் மொழியில் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும்.

அடுத்தது இரகசியம். சிங்கப்பூரில் எச்.ஐ.வி. உள்ள 14,200 பேரின் விவரங்கள் இணையத்தில் கசிந்ததை 2019இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சே அறிவித்தது. அது ஆய்வுத் தரவல்ல, அரசின் பதிவேடு. ஆனால் வெளியே போனதைத் திருப்பி எடுக்க முடியாது என்பது இரண்டுக்கும் பொது. பேரை அழித்துவிட்டோம் என்பதும் போதாது. எங்கட ஊர்களில் வயசும் தொழிலும் கிராமமும் தெரிஞ்சால் ஆளைப் பிடிச்சிடுவினம்.

மாதிரியை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் மேசையில் எச்.ஐ.வி.யுடன் வாழ்கிறவர்களும் இருக்கவேண்டும். குருதி அவர்களுடையது, அதைப் பற்றிப் பேசும் உரிமையும் அவர்களுடையதே.