ஒரே வாசலில் இரண்டு மருந்தும்

வலி நிவாரணி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றும் பழக்கம் கோவை இளைஞர்கள் சிலரைப் பிடித்திருக்கிறது. உக்கடம் உள்ளிட்ட பகுதிகளில் போதை மாத்திரையும் சிரிஞ்சுமாகப் பிடிபடுபவர்களைப் பற்றிச் செய்தி வருகிறது; கைதோடு அது முடிந்தும் விடுகிறது. அந்த ஊசி எத்தனை கை மாறியது, யாருக்கு எச்.ஐ.வி. தொற்றியது, தொற்றியவர் மருந்து சாப்பிடுகிறாரா என்று யாரும் கேட்பதில்லை.

மருந்துக்குக் குறைவில்லை. 2004 ஏப்ரலில் நாட்டில் எச்.ஐ.வி.க்கான இலவசக் கூட்டு மருந்து (ஏ.ஆர்.டி.) தொடங்கிய இடங்களில் தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனையும் ஒன்று. இன்று பெரும்பாலானோருக்குத் தினம் ஒரே மாத்திரை போதும். திருச்சி சாலையில் உள்ள அரசு மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. மையம் உக்கடத்துக்குத் தொலைவும் அல்ல. ஆனாலும் போதை ஊசிக்கு ஆட்பட்டவர்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். நின்ற சில வாரங்களில் வைரஸ் மீண்டும் பெருகும்.

இவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று ஒதுக்குவது அநியாயம். போதை இறங்கும் காலையில் உடம்பு முறுக்கும், வாந்தியும் பேதியும் படுத்தும். அந்த நிலையில் யாரால் வரிசையில் நிற்க முடியும்? காசநோயும் சேர்ந்தால் சிக்கல் கூடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மாத்திரை, போதை ஊசிக்கு மாற்றாகத் தரும் மெதடோனின் வேகத்தை உடலுக்குள் குறைத்துவிடும். அளவைக் கூட்டாவிட்டால் அதே வேதனை திரும்ப வரும். எச்.ஐ.வி.க்கான டொலுடெக்ராவிரையும் அப்போது இருவேளை தர வேண்டும். மூன்று நோய்க்கு மூன்று இடம் என்று அலையவிட்டால் இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கும் மருத்துவர் யார்?

ஆகவே நாம் கேட்பது இது: நாவடியில் வைக்கும் புப்ரெனார்பினோ மெதடோனோ தரும் மாற்று சிகிச்சையும் எச்.ஐ.வி. மருந்தும் ஒரே வாசலில், ஒரே வரிசையில் கிடைக்க வேண்டும். மாற்று மருந்து வாங்கத் தினமும் வருபவர், அங்கேயே மற்ற மாத்திரையையும் விழுங்கிவிட்டுப் போவார். உக்ரைன், இந்தோனேசியா, வியட்நாமில் ஊசிப் பழக்கமுள்ளவர்களுக்குக் கூடவே வழிகாட்டியும் மனநல ஆலோசனையும் தந்து பார்த்தார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வில், அந்த உதவி கிடைத்தவர்களிடையே மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன.

போதைக்கு அரசே மருந்து கொடுப்பதா என்று பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் கேட்கலாம். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அளவறிந்து, மருத்துவர் கண்ணெதிரே தரும் இந்த மருந்து நடுக்கத்தை நிறுத்துகிறது; ஊசியைத் தேடி ஓடும் அவசரத்தைத் தணிக்கிறது. வேலைக்குப் போக, வீட்டில் உட்கார்ந்து சோறு உண்ண, அதை வாங்குபவரால் முடிகிறது.

சட்டமும் இதற்கு இடம் தருகிறது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டத்தின் 22ஆவது பிரிவு, சுத்தமான ஊசி தருவதையும் மாற்று சிகிச்சையையும் குற்றமாகக் கருதக் கூடாது என்கிறது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவோடு பிடிபட்டுத் தாமாகச் சிகிச்சைக்கு வருபவருக்கு வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. சீட்டில்லாமல் மாத்திரை விற்கும் கடைக்காரர் மீது காவல்துறை தயங்காமல் பாயட்டும். மருந்து வாங்க வருபவரை மருத்துவமனை வாசலில் மடக்கக் கூடாது. காவலில் எடுக்கப்பட்டவருக்கும் அன்றைய மாத்திரை தவறக் கூடாது. மாவட்ட ஆட்சியரும் மாநகரக் காவல் ஆணையரும் இதை எழுத்து மூலம் எல்லாக் காவல் நிலையங்களுக்கும் உத்தரவாக அனுப்ப வேண்டும். முதல் பிரதி உக்கடம் நிலையத்துக்குப் போகட்டும்.