பறை பேசட்டும்



வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சிற்றூர்களில் பறையொலி எழுந்தால், "யார் வீட்டில் சாவு?" என்றே நாம் வினவுகிறோம். அவ்வளவிற்கு அக்கருவியைச் சாவோடு பிணைத்துவிட்டோம். அதை முழக்குவோரையும் ஊரின் ஓரத்தில் நிறுத்திவிட்டோம். ஆனால், பறைதல் என்றால் சொல்லுதல் என்றே பொருள். நிலந்தோறும் அமைந்த கருப்பொருள்களுள் ஒன்றாகத் தொல்காப்பியம் பறையை எண்ணுகிறது. இழிவு தோலிலும் கட்டையிலும் இல்லை. சாதி புகுந்த நம் உள்ளத்தில்தான் இருக்கிறது.

இதனை வாதத்தால் அன்றிக் கலையால் மெய்ப்பிக்க முன்வந்தவர் ஒரு துறவி. 1990-ஆம் ஆண்டு அருட்சகோதரி சந்திரா திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவைத் தோற்றுவித்தார். ஒடுக்கப்பட்ட ஏழைக் குடும்பங்களின் இளம்பெண்கள் அங்கே பறையைக் கையிலெடுத்தனர். ஆடவர் மட்டுமே, அதுவும் பிறர் ஏவலுக்காக முழக்கிவந்த கருவியை, அவர்கள் தோளில் மாட்டி, மேடையில் நிமிர்ந்து நின்று, ஆடி முழக்கினர். சாதிக் கொடுமையையும் பெண்ணடிமையையும் ஊரறியச் சொன்னார்கள். ஏவப்பட்ட தொழில் அவர்கள் கையில் உரிமைக் குரலாயிற்று.

இது திருச்சபைக்குப் புதிதன்று. செங்கடலைக் கடந்த மிரியாம் கஞ்சிரா எடுத்து ஆட, பெண்கள் எல்லாரும் பின்தொடர்ந்ததை விடுதலைப் பயண நூலில் படிக்கிறோம். அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பளிக்க வேண்டுமென 1963-இல் வத்திக்கான் சங்கமும் பணித்தது.

ஆனால், இசையை மட்டும் ஏற்று இசைப்பவரை ஒதுக்கினால் பயன் என்ன? 1745-ஆம் ஆண்டு புதுச்சேரிக் கோவிலுள் தங்களைப் பிரித்து நின்ற சுவரை எதிர்த்து ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள் முறையிட, அது இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் காண்கிறோம். கற்சுவர் அன்றே விழுந்தது. மனச்சுவர் விழுந்ததா? தேர்பவனியில் பறை முழக்கியவரை நம் பந்தியில் நம்மருகே அமர்த்துகிறோமா? அவர் வீட்டில் பெண் எடுக்க இசைவோமா? இறந்தபின் அவருக்கும் நமக்கும் ஒரே கல்லறைத் தோட்டம்தானா?

ஆகவே, வரும் திருவிழாவில் பறைக் கலைஞரை ஏவலாளாக அன்றி விருந்தினராக அழைப்போம். தகுந்த ஊதியத்தை மரியாதையோடு அளிப்போம். சாவு வீட்டுக்கு வர மறுத்தால் அது அவருடைய உரிமை என்று ஏற்போம். பறை தன் சொல்லைச் சொல்லிவிட்டது. கேட்கும் செவியை இறைவன் நமக்கு அருள்வாராக!