ஜோடித் தாளத்தை எடைக்குப் போடாதீங்க

டிரம்ஸ் கத்துக்கிற பிள்ளைகள் இருக்கிற நம்ம வீடுகளில் இப்போ ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுது. "புது ஹை-ஹாட் வேண்டாம்ப்பா, பழசு வேணும்." அப்பா, அம்மாவுக்குப் புரிவதில்லை. காசு கொடுத்து யாராவது பழசு வாங்குவாங்களா? வாங்குறாங்க. பழைய துருக்கித் தாளத் தட்டு ஒரு ஜோடி சில நூறு டாலருக்கு விலை போகுது. நல்ல ஜோடி என்றால் ஆயிரத்தையும் தாண்டும்.

ஹை-ஹாட் என்னவென்று தெரியாதவர்களுக்கு: டிரம்ஸ் செட்டில் இடது பக்கம், ஒரு கம்பியில் ஒன்றை ஒன்று பார்த்தபடி இரண்டு தட்டு இருக்குமே, அதுதான். கீழே காலால் மிதித்தால் மூடும், விட்டால் திறக்கும். மேலே குச்சியால் தட்டலாம். சினிமாப் பாட்டில் "ட்ச்... ட்ச்" என்று காலம் காட்டிக்கொண்டே வரும் சத்தம் பெரும்பாலும் இதுதான். நம்ம பாஷையில் சொன்னால், கால் வைத்த ஜால்ரா.

இதற்கு நூறு வயசுதான் ஆகுது. 1920களில் அமெரிக்க ஜாஸ் வாத்தியக்காரர்கள் முதலில் இரண்டு பலகைக்கு நடுவே தட்டுகளை மாட்டி மிதித்தார்கள். பிறகு முழங்காலுக்கும் கீழே நிற்கும் ஒரு குட்டை ஸ்டாண்ட் வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கம்பியை நீட்டிக் கைக்கு எட்டும் உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். 1930களில் கவுண்ட் பேஸி குழுவில் வாசித்த ஜோ ஜோன்ஸ், காலம் காட்டுகிற வேலையைப் பெரிய டிரம்மிலிருந்து எடுத்து இந்த ஜோடித் தட்டுக்குக் கொடுத்தார். ஜாஸின் நடையே மாறிப்போச்சு.

தட்டுகள் வந்தது துருக்கியிலிருந்து. 1623ல் கான்ஸ்டான்டிநோபிளில் அவெடிஸ் என்ற ஆர்மீனியர் தொடங்கிய பட்டறை அது. ஜில்ஜியன் என்ற குடும்பப் பெயருக்கே தாளம் செய்கிறவர் வழி வந்தவர் என்றுதான் அர்த்தம். 1929ல் குடும்பத்தின் ஒரு கிளை அமெரிக்காவில் குவின்சி என்ற ஊரில் ஆலை தொடங்கியது. இஸ்தான்புல் பட்டறையும் 1970களின் கடைசி வரை ஓடி, பிறகு மூடியது. இன்றைக்குப் பிள்ளைகள் தேடுவது பெரும்பாலும் அங்கே கையால் சுத்தியல் அடித்துச் செய்த தட்டுகளைத்தான்.

பழசு என்பதாலேயே நல்ல நாதம் வருமா? என் அபிப்பிராயம், வராது. பழசில் விளிம்பு விரிந்திருக்கலாம், நடு ஓட்டை தேய்ந்து நீண்டிருக்கலாம். சத்தமான பாட்டுக்கு மெல்லிசான தட்டு தாங்காது. புது ஆலைத் தட்டு ஒவ்வொன்றும் ஒரே மாதிரி, நம்பி வாங்கலாம். அப்புறம் எதற்குக் கிராக்கி? கை. சுத்தியல் அடி ஒவ்வொன்றும் ஒரு மாதிரி விழுந்ததால் ஒரு தட்டு போல இன்னொன்று இல்லை. அதில் இரண்டைத் தேர்ந்தெடுத்து, காதால் கேட்டு, சேர்த்துவைத்தால்தான் ஜோடி. 1960களிலிருந்து மேல் தட்டு லேசாக, கீழ்த் தட்டு கனமாக வைப்பது பரவலான வழக்கம் ஆகிவிட்டது. ஜோடி என்றால் இரட்டைப் பிள்ளை இல்லை, புருஷன் பெஞ்சாதி மாதிரி :-) ஒன்றைப் பிரித்தால் மற்றதன் மதிப்பும் போச்சு.

இது நமக்குத் தெரியாத சங்கதியா? நட்டுவாங்கத் தாளத்தைப் பாருங்கள். ஒரு தட்டு இரும்பு, ஒன்று வெண்கலம். வேறு வேறாக இருப்பதால்தான் அந்தக் "கணீர்".

எங்க பாலக்காட்டுப் பக்கம் இலத்தாளம் என்று ஒன்று உண்டு. கையகல அகலம், நல்ல கனம், ஓட்டு வார்ப்பு. ஒன்றைக் கையில் ஏந்தி மற்றதால் தட்டுவார்கள். பொத்தித் தட்டினால் ஒரு சத்தம், திறந்துவிட்டால் ஒரு சத்தம். ஹை-ஹாட்டில் கால் செய்கிற வேலையை இங்கே கையே செய்கிறது. பஞ்சவாத்தியத்தில் திமிலை, மத்தளம், இடக்கை, கொம்பு எல்லாவற்றையும் காலத்தில் கட்டிவைப்பது இதுதான். 1930களில் பஞ்சவாத்தியத்துக்கு இன்றைய உருவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் மத்தளக்காரர் திருவில்வாமலை வெங்கிச்சன் சுவாமி. அவர் தமிழ் பேசும் ஐயர் குடும்பத்துக்காரர். பத்ரகாளி கோயில் கூத்துமாடங்களில் கம்பராமாயணப் பாட்டைப் பாடித் தோல்பாவைக்கூத்து நடத்துகிற புலவர்களுக்கும் இலத்தாளம் வேண்டும். பங்குனியில் நெம்மாறை வல்லங்கி வேலைக்குப் போனவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

உலோகக் கதையும் ஒன்றுதான். துருக்கித் தட்டில் ஏறக்குறைய 80 பங்கு செம்பு, 20 பங்கு வெள்ளீயம். நம்ம ஓட்டில் வெள்ளீயம் கொஞ்சம் கூட, 22 பங்கு வரை. இந்த அளவு வெள்ளீயம் சேர்ந்தால் ஆறினபின் அடித்தால் உடைந்துவிடும். சூட்டோடு தட்டி, தண்ணீரில் முக்கிக் குளிர்வித்தால் வளைந்துகொடுக்கும். ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியிலும் பழைய புதைகுழிகளில் கிடைத்த மெல்லிய வெண்கலக் கிண்ணங்கள் இதே வித்தையில் செய்யப்பட்டவை. ஆய்வாளர் சாரதா சீனிவாசன் இதை எழுதியிருக்கிறார். கேரளத்துக் கம்மாளர்களிடம் அந்த வித்தை தொடர்ந்து வந்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார்.

இவ்வளவும் பெருமையடிக்கச் சொல்லவில்லை. விஷயம் வேற. அந்தப் பொருள் இப்போ எங்கே போகுது?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கம் பழைய வீடுகள் காலியாகின்றன. கல்பாத்தி மாதிரி அக்ரஹாரங்களிலும் அதே கதை. பிள்ளைகள் எல்லாம் நம்மை மாதிரி வெளியே. வீட்டை விற்கும்போது பஜனைத் தாளமும் அண்டா குண்டாவோடு சேர்ந்து தராசில் ஏறுது. ஓட்டுக்குப் பித்தளையைவிடக் கிலோ விலை அதிகம் என்பதால் வாங்குகிறவருக்குச் சந்தோஷம். எங்க சொந்தத்தில் ஒரு வீட்டில் மூன்று ஜோடி இப்படிப் போனது. யாரும் தட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இடுக்கிப் பக்கம் நிலைமை இன்னும் மோசம். மூணாறு, தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களில் வரிசை வீட்டுக்கு லயம் என்று பேர். (சங்கீதத்திலும் லயம்தான், வேடிக்கையைப் பாருங்கள்.) தோட்டவேலையில் ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி பண்ணவேண்டும், அதுதான் நடைமுறை. தேனிக்கோ திருநெல்வேலிக்கோ ஒரே வண்டியில் சாமான் ஏறணும். மாரியம்மன் கோயில் திருவிழாவில் மூன்று தலைமுறை தட்டிய தாளத்துக்கு வண்டியில் இடம் இருக்காது. அவர்களைக் குறை சொல்லமுடியாது. அந்தப் பணம் அவர்களுக்கு வேணும். வெளிநாட்டில் இருக்கிற நமக்கு அந்தக் காரணம் இல்லை.

"எல்லாப் பழசையும் கட்டி அழ முடியுமா, புதுசு வார்த்துக்கலாமே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இஸ்தான்புல்லையே பாருங்கள். பட்டறை மூடின பிறகு, அங்கே வேலை கற்ற மெஹ்மத், அகோப் என்ற இரண்டு பேர் 1980 வாக்கில் சொந்தப் பட்டறை போட்டார்கள். 1996ல் அது இரண்டாகப் பிரிந்தது, இரண்டும் இன்றைக்கும் ஓடுது. வித்தை தெரிந்த கை மிஞ்சியது, அதனால் புதுசும் வந்தது. அந்தக் கைக்கும் எது நல்ல நாதம் என்று ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய தட்டு வேணும். பழசை உருக்கிவிட்டால் எதை வைத்துக் கேட்பது?

அதனால் என் கட்சி இதுதான். ஊரில் வீடு காலி பண்ணும்போது தாளத்தைத் தனியாக எடுத்துவையுங்கள். ஜோடியைக் கயிற்றால் கட்டிப்போடுங்கள், பிரிக்கவேண்டாம். எந்தக் கோயில், எந்த பஜனை கோஷ்டி, யார் தட்டினது என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டாதீர்கள், அதுவும் ஒரு வகையில் எடைக்குப் போட்ட மாதிரிதான். மேளம் கற்றுக்கொடுக்கிற இடத்துக்குக் கொடுங்கள். இல்லையா, பெட்டியில் போட்டு இங்கே எடுத்துவந்து, பழைய ஹை-ஹாட் கேட்கிற அந்தப் பிள்ளை கையில் கொடுங்கள். அரைக்கிலோ கூட இருக்குமென்றால் ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம்.